அம்மாவுக்கு விடாய்க்காத தண்ணீர்

உடுப்பிட்டி

அன்பு மகன் சுபாங்கனுக்கு,

சந்நிதி முருகன் காவலில் நீயும் மருமகளும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே முக்கால் சுகம். மீதியை ஃபோனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன், பதறாதே, இப்போது தேறிவிட்டாள். கந்தசஷ்டி தொடங்கிய அன்றிலிருந்து அம்மா சாப்பாடும் கேட்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. கொடுத்தாலும் தள்ளிவிட்டாள். எல்லாம் மறந்தவள் விரதத்தை மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி, "அக்காவைப் போல ஆர் விரதம் பிடிக்கினம், முருகன் அவவைக் கைவிடான்" என்று கும்பிட்டே விட்டாள். சூரன்போருக்கு முன்னமே அம்மா குசினி வாசலில் மயங்கிச் சாய்ந்துவிட்டாள், ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றினார்கள்.

அங்கே டொக்டர் உதயகலா என்று ஒரு பிள்ளை, என் பக்கத்தில் இருந்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மூளையின் அடியில் பாதாம் பருப்பளவு ஓர் இடம், ஹைப்போதலமஸ் என்று பெயராம், பசி தாகம் நித்திரை உடம்புச் சூடு எல்லாம் அதன் பொறுப்பாம். அம்மாவின் அல்சைமர் வருத்தம் அங்குள்ள நரம்புக் கலங்களையும் விட்டுவைப்பதில்லையாம். "ஐயா, அம்மா விரதம் பிடிக்கேல்லை, அவவுக்குத் தண்ணி விடாய் தெரிஞ்சிருக்காது" என்றார்.  மிளகாய்க் கன்றின் இலையைப் பார்த்தே தண்ணீர் காணாது என்று சொல்லுகிற எனக்குக் கட்டிய மனுஷியைத் தெரியவில்லை. தாகம் தொண்டையில் இருக்கிறது என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒரு பருப்பளவு இடம், நித்திரையிலும், நாம் நினையாத நேரத்திலும், குடி, சாப்பிடு, படு என்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, பார். அம்மா பகலில் உறங்கி இரவில் முற்றம் கூட்டுவதும் அடமில்லையாம், அதுவும் அந்த இடத்துப் பழுதாக இருக்கலாமாம். படைத்தவனை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இப்போது குடி என்று சொன்னால் தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கிறாள். ஆனால் எதிரே இருந்து நான் என் தேத்தண்ணியை எடுத்தால் அவளும் தன் தண்ணீர்ப் பேணியை எடுக்கிறாள். நான் ஒரு மிடறு, அவள் ஒரு மிடறு.

ரொறன்ரோக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. முருகன் உங்கள் இருவரையும் நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. வீடியோவில் வந்து நான் ஆர் சொல்லுங்கோ என்று அம்மாவைச் சோதிக்காதே, உன் பெயர் அவளுக்கு வராமல் போகலாம். ஒரு கப் தண்ணீரோடு வந்து அவள் பார்க்கக் குடி, மகன். அங்கே நீ குடித்தால் இங்கே அம்மா குடிப்பாள்.

என்றும் உன் அப்பா,
இராசநாயகம்