முதலில் அனுப்பியவர்

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஒரகடம் மேம்பாலத்தடியில் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம். குடை வீட்டில்.

புது வேலை. வல்லம் வடகாலில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆலோசகர். நேற்று மதியம் எல்லார் ஃபோனுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு. ஒன்பது விநாடி, பெண் குரல்: "செம்பரம்பாக்கம் ஏரி நெறஞ்சிட்டாம். தொறக்கப் போறாங்களாம். தண்ணி ஹாஸ்டலுக்குள்ள வந்துருமாம்." பெண்கள் உற்பத்தி லைனை அப்படியே விட்டு, ஹாஸ்டலில் இருக்கும் சாமான்களை எடுக்க ஓடியிருக்கிறார்கள். படிக்கட்டில் விழுந்த ஒருத்திக்குக் கணுக்கால் எலும்பு முறிவு. ஏரியோ திறக்கப்படவே இல்லை.

எச்.ஆர். மேலாளர் ரகு: "சோஷியல் மீடியா பாலிசியெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம் மேடம். முதல்ல அனுப்புனது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

நவ. 19, புதன்

மழை இல்லை. மண்ணூரில் அவர்களது ஹாஸ்டல். யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து என்று ஐந்து ஃபோன்கள். அதற்குமேல் வழி அடைத்துக்கொண்டது. ஆனால் குரலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "பேச்சியக்கா மேடம்."

பேச்சியம்மாள், 22, சங்கரன்கோவில் பக்கம். டெஸ்டிங் பிரிவு, ஒப்பந்தத் தொழிலாளி. ஷிஃப்டில் இருந்ததால் அவளைப் பார்க்கவில்லை. நாலு மணிக்கு ரகுவை அழைத்துப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

எதிரே டீக்கடை அம்மா: "ஏரியத் தொறந்தா தண்ணி அடையாத்துக்குப் பூடும். மேட்டுல கீற மண்ணூருக்கு எப்டிம்மா ஏறி வரும்? என்னாண்ட ஒருத்தரும் கேக்கல."

போன மாதம் இணைய ஆளுகை பற்றிய கூட்டமொன்றில் நான் பேசியது: முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்கச் சட்டத்தில் வழி வேண்டும், வதந்தி தானாகக் குறையும். கைதட்டினார்கள். இன்று அது சரியென்றே பட்டது.

நாளைக்கு: மாத்திரை, பால், கார் இன்சூரன்ஸ்.

நவ. 20, வியாழன்

பேச்சியம்மாளைக் கேண்டீனில் பார்த்தேன். கேட்பதற்கு முன்பே ஃபோனை நீட்டினாள். அம்மாவுக்கு அனுப்பிய பதிவு. இருபத்து நான்கு விநாடி.

"...ஹாஸ்டலுக்குள்ள வந்துருமாம்னு ஒருத்தி அழுதுட்டு இருக்கா. சும்மா சொல்லுதா எம்மா. இது மேடு. நீ டிவியப் பாத்துட்டு பயப்படாத. சாப்புடு."

'வந்துருமாம்' என்பதோடு யாரோ வெட்டியிருக்கிறார்கள். அம்மா அதைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட, அங்கிருந்து ஊர்க் குழு, அங்கிருந்து திரும்ப இதே ஹாஸ்டல். வழியில் எங்கே வெட்டு விழுந்தது? தெரியாது. தெரியப்போவதுமில்லை.

"நான் எங்கம்மைக்குத்தான மேடம் அனுப்புனேன்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப ஆபீஸ்ல என் பேர யாரு சொன்னா?"

"நான்தான்."

ஃபோனை வாங்கிக்கொண்டாள். தட்டில் சாம்பார் சாதம் அப்படியே. மணி அடித்தது, போய்விட்டாள்.

முதலில் அனுப்பியவர் கிடைத்துவிட்டார். அவர் அனுப்பியது பயப்படாதே என்ற செய்தி. இதைச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எழுதுவது?

நவ. 22, சனி

அறிக்கை கொடுத்தேன், முழுப் பதிவுடன். ரகு பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டார்.

"புரியுது மேடம். ஆனா அவள நேத்தே வேலைய விட்டு நிறுத்தியாச்சு. கான்ட்ராக்ட் பொண்ணுதானே. திரும்ப எடுத்தா எல்லாரும் கேள்வி கேப்பாங்க."

ஹாஸ்டலிலும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அனுபவச் சான்றிதழ் தருவதாக ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் கிடைத்தது. தலைவலி. பிளம்பர் இன்றும் வரவில்லை.

டிசம்பர் 3, புதன்

நல்ல வெயில். சான்றிதழ் நேற்று கைக்கு வந்தது. ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். தோழியின் அறையில் தங்கியிருக்கிறாள். திங்களன்று வேறு தொழிற்சாலையில் சேர்கிறாள். பெயர், தேதி எல்லாம் சரியா என்று நின்றபடியே படித்துப் பார்த்தாள்.

அவசரப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன்.

"சரி மேடம்."

கோபமா, இல்லையா, தெரியவில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாருக்கா. அவளா கூப்புட்டாப் பேசுவேன். நானா ஒண்ணும் அனுப்புறதில்ல."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.