ஒரு பொத்தான்கூட அறுபடவில்லை

டோக்கும்,
நவம்பர் 23

அன்புள்ள ரென்ஸ்கே அக்காவுக்கு,

மின்கே எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். கனடாவில் இந்நேரம் பனி முழங்கால் வரை வந்திருக்கும். இங்கே வெறும் மழை. போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, கேட்ட பாதிக்கும் என்னைத்தான் திட்டுகிறீர்கள். அதனால் கடிதம்.

உங்கள் தம்பி ஹார்மன் பிழைத்துக்கொண்டார். இடுப்பில் வைத்த ஆணி நன்றாகச் சேர்ந்துவிட்டதாம். மருத்துவமனையில் எட்டு நாள் வைத்திருந்துவிட்டு இந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். வந்து நான்கு வாரம் ஆகிறது. கட்டடத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், ஆறு வாரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவர்கள். வலது பக்கம் போக ஒரு கதவு இருக்கிறது. எண்களை அழுத்தினால்தான் அது திறக்கும். அங்கே போனவர்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை. ஹார்மன் இப்போதைக்கு இடது பக்கம்.

பயிற்சி கொடுப்பவர் பெயர் யோரித். நாற்பது வயதுக்காரர், செம்பட்டைத் தாடி, பொறுமைசாலி. தினமும் ஹார்மனை மரப்படியில் ஏற்றி இறக்குகிறார். மூன்றே படி, அகலமான படி, இரண்டு பக்கமும் பிடி. ஹார்மன் ஏறிவிட்டு என்னைப் பார்த்து, "எப்படி? வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்கிறார். எங்கள் வீட்டு மாடிப்படி உங்களுக்கு நினைவிருக்கும். பதினான்கு படி, ஏணி மாதிரி செங்குத்து, முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். போன தடவை வந்தபோது, "இது வீடா, கப்பலா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினீர்கள். கழிப்பறை கீழே, படுக்கை மேலே. படுக்கையைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவரலாம் என்றால், தெருவில் போகிறவனெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான் என்கிறார். திரை போடலாம் என்றேன். "திரை போட நாம என்ன திருட்டா பண்றோம்?" என்றார்.

காலையில் அவர் பழைய ஹார்மன்தான். செய்தித்தாள் படிப்பார், தாதிகளைக் கிண்டல் செய்வார். பொழுது சாய ஆரம்பித்தால் மறுபடி பாலம் தூக்கும் வேலைக்காரர் ஆகிவிடுவார். "படகு காத்துக்கிட்டு இருக்கு, பாலத்தைத் தூக்கணும்" என்று கிளம்புவார். அந்தப் பாலத்தை இப்போது எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துத் திறக்கிறார்கள் என்று எத்தனை தடவை சொல்வது? அக்டோபர் பதினேழாம் தேதி மாலையும் அப்படித்தான் கிளம்பினார். மாடிப்படியின் உச்சியில் முகத்தை முன்னால் வைத்து இறங்கப் பார்த்தார். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தேன். அவர் எண்பத்தெட்டு கிலோ, நான் ஐம்பத்திரண்டு. சட்டை கையிலிருந்து நழுவிவிட்டது. உங்களிடம் போனில் சொன்னதுதான்.

டிசம்பர் ஆறாம் தேதியோடு ஆறு வாரம் முடிகிறது. அதற்குள் அரசாங்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து அவரை மதிப்பிட வேண்டும். இவர் வீட்டில் இருக்க முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்தால் வலது பக்கத்தில் அறை கிடைக்கும். முடியும் என்று எழுதினால் ஆறாம் தேதி ஹார்மன் வீட்டுக்கு வருவார். அந்த அம்மாள் வரும் புதன்கிழமை வருகிறார். யோரித் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மின்கே அம்மா, அன்னைக்கு அவரை மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணி உக்கார வச்சுடாதீங்க. எப்பவும் இருக்கிற மாதிரி இருக்கட்டும். வர்றவங்க ஒரு மணி நேரம்தான் பார்ப்பாங்க" என்றார்.

நீங்கள் என்னிடம் வாங்கிய சத்தியத்தை நான் மறக்கவில்லை அக்கா. விமான நிலையத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இவனை மட்டும் இல்லத்துல விட்டுடாத" என்றீர்கள். உங்கள் அப்பாவை அந்தக் காலத்து இல்லத்தில் நாற்காலியோடு வார் போட்டுக் கட்டி வைத்திருந்ததை நானும்தான் பார்த்தேன். இங்கே அப்படி யாரையும் கட்டுவதில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. அவர் வீட்டுக்கு வருவதை நினைத்தாலும் பயம், வராததை நினைத்தாலும் பயம். வாசலிலிருந்து வாய்க்கால் பதினோரு அடி. அளந்து பார்த்தேன்.

புதன்கிழமைக்கு நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். யோரித் சொன்னது காதில் விழாமல் இல்லை. அதற்காக வெளியார் வரும் நாளில் கசங்கிய சட்டையோடு உட்கார வைக்க முடியுமா? விழுந்த அன்று போட்டிருந்த அதே சட்டை. ஒரு பொத்தான்கூட அறுபடவில்லை. நல்ல துணி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மின்கே


டோக்கும்,
நவம்பர் 28

அன்புள்ள அக்கா,

என் முதல் கடிதம் இன்னும் உங்கள் கைக்கு வந்திருக்காது. நேற்று நடந்ததை வேறு யாரும் உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

அந்த அரசாங்க அம்மாள், திருமதி ஹூக்ஸ்மா, காலை பத்தரைக்கு வந்தார். சாயங்காலம் வரச் சொல்லிக் கேட்டிருந்தோம், அவருக்கு வேறு ஊருக்குப் போக வேண்டுமாம். பத்தரை மணிக்கு உங்கள் தம்பி ராஜா. நான் எட்டு மணிக்கே போய் அவருக்குச் சவரம் செய்து, தலை சீவி, சட்டை மாட்டிவிட்டேன். அறை ஜன்னலைக்கூடத் துடைத்தேன். அதற்கு அங்கே ஆள் இருக்கிறது, இருந்தாலும் துடைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

அந்த அம்மாள் உள்ளே வந்ததும் ஹார்மன் எழுந்து நின்றார். நடைவண்டி இல்லாமல், மேஜையில் ஒரே கையை ஊன்றி. நான்கு வாரமாக யோரித் கெஞ்சியும் செய்யாத காரியம். "ஒரு அம்மா உள்ள வரும்போது உக்காந்துகிட்டு இருக்கிறவன் நான் இல்ல. வாங்க, உக்காருங்க, காபி எப்படி? பால் போட்டா?" என்றார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுத்து நீட்டிவிட்டு, மறக்காமல் மூடி வைத்தார். அந்த அம்மாள் தேதி கேட்டார், இவர் சரியாகச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார், முள்ளோடு வரைந்தார். படி ஏறுவீர்களா என்றதற்கு, "முப்பத்தெட்டு வருஷம் பாலத்துப் படி ஏறினவன்கிட்ட கேக்குற கேள்வியா?" என்றார். குளிக்க யார் உதவுகிறார்கள் என்றதற்கு, "நானேதான்" என்றார். அவர் தன் கையால் இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றி இரண்டு வருடம் ஆகிறது அக்கா, எல்லாம் என் கைதான். கழிப்பறை பற்றிக் கேட்டபோது, "காபி குடிக்கிற நேரத்துல இது என்னம்மா கேள்வி?" என்றார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு அந்த அம்மாள் பேனாவை மூடினார். "ரொம்ப நல்லா தேறியிருக்கார். காலையில ஒரு தாதி வீட்டுக்கு வந்து போற மாதிரி ஏற்பாடு பண்ணினா போதும்னு தோணுது" என்றார். கதவோரம் நின்றிருந்த யோரித் என்னைப் பார்த்தார்.

நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். வெளியே வராந்தாவில் இரண்டு நிமிடம் பேசலாமா என்றேன். "அவரைப் பத்தின பேச்சை அவர் இல்லாதப்ப நான் கேக்குறதில்லைம்மா. எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க" என்றார். நல்ல விதிதான். என் கழுத்தை நெரித்துவிட்டது. ஹார்மன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அவ்வளவுதான் மின்கே, ஜெயித்துவிட்டோம் என்பது மாதிரி.

சொன்னேன் அக்கா. மாலையில் அவர் யாராக மாறுகிறார் என்று சொன்னேன். இரண்டு முறை வாய்க்கால் ஓரத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்தான் பிடித்துக்கொண்டு வந்தார் என்று சொன்னேன். என்னைத் தன் அம்மா என்று நினைத்துக் கூப்பிடுவதைச் சொன்னேன். கழிப்பறை விஷயமும் சொன்னேன். ஹார்மன், "பொய்! இவளுக்கு வயசாயிடுச்சு, என்னமோ உளர்றா" என்றார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால் அவரைத்தான் நம்புவது போல இருந்தது. எப்படி நம்பாமல் இருப்பார்? இஸ்திரி போட்ட சட்டையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் மற்றதையும் சொன்னேன். "விழுந்த அன்னைக்கு நான் சட்டையைப் பிடிச்சிருந்தேன். நழுவிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நழுவல. நான்தான் விட்டேன். விடலைன்னா ரெண்டு பேரும் போயிருப்போம். இதோ, இதே சட்டைதான். பிடிச்ச பிடியா இருந்திருந்தா கிழிஞ்சிருக்கும். பாருங்க, ஒரு பொத்தான்கூட அறுபடல. அடுத்த தடவையும் விட்டுடுவேன்" என்றேன்.

ஹார்மன் குனிந்து சட்டையைப் பார்த்தார். கழுத்துப் பொத்தானிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார், கடைசிப் பொத்தான் வரை. பிறகு திருமதி ஹூக்ஸ்மாவிடம், "இந்த அம்மாவைக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க" என்றார்.

நான் யார் என்று அவருக்கு மறந்துபோகவில்லை. பத்தரை மணி வேளையில் எதுவும் மறக்காது. தெரிந்துதான் சொன்னார்.

முடிவு அடுத்த வாரம் வரும். உங்களிடம் சொன்னதும் பொய்தான் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மின்கே


டோக்கும்,
டிசம்பர் 9

அன்புள்ள ரென்ஸ்கே அக்காவுக்கு,

உங்கள் பேத்தி போனில் பேசினாள். இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்ததாம், இரண்டாவதை நீங்கள் படித்துவிட்டு மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லையாம். பேச வேண்டாம். இதை மட்டும் முழுக்கப் படியுங்கள்.

முடிவு நான்காம் தேதி வந்தது. ஹார்மன் வலது பக்கம் போய்விட்டார். யோரித்தான் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நல்ல அறை. ஜன்னலிலிருந்து வாய்க்கால் தெரிகிறது. குளிர்காலத்தில் படகு குறைவு, இருந்தாலும் வருகிற ஒன்றிரண்டுக்கும் அவர் கை காட்டுகிறார். மாலையில் ஒரு தாதி அவரோடு உட்கார்ந்து, "பாலம் தூக்கியாச்சு ஐயா, படகு போயிடுச்சு" என்கிறாள். அவரும் சரி என்று பட்டாணி சூப் குடிக்கிறார். இத்தனை வருடம் எனக்கு இது தோன்றவில்லையே. கேமரா, அலுவலகம் என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

நான் தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் சொன்னது எதுவும் அவருக்கு நினைவில்லை, திருமதி ஹூக்ஸ்மா வந்ததே நினைவில்லை. காரணம் போய்விட்டது, கோபம் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. நேற்று கேட்டேவிட்டேன், என் மேல் என்ன கோபம் என்று. வெகுநேரம் யோசித்தார். "தெரியல. ஆனா உன் மேலதான்" என்றார்.

ஐந்தாம் தேதி பரிசுப் பண்டிகைக்கு இல்லத்தில் எல்லோருக்கும் அவரவர் பெயரின் முதல் எழுத்து வடிவத்தில் சாக்லேட் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. தன்னுடையதைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு, என்னுடையதை என் கண் முன்னாலேயே உடைத்துத் தின்று தீர்த்தார். ஒரு துண்டுகூடத் தரவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்தேன், பிறகு அழுதேன்.

அக்கா, மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. சட்டையை விட்டதற்கு வருத்தப்படுகிறேன், சொன்னதற்கு வருத்தப்படவில்லை. கேட்பது வேறு. "என்னை யாரு இங்க போட்டது?" என்று அவர் தினமும் கேட்கிறார். நான் பதில் சொல்லாமல் காபி ஊற்றுகிறேன். எவ்வளவு நாள் ஊற்றுவது?

நீங்கள் இருபத்திரண்டு வயதில் கப்பல் ஏறியதிலிருந்து அவருக்கு உங்கள் மேல் கோபம்தான். துறைமுகத்தில் நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நின்றதை இன்னும் சொல்லிக்காட்டுவார். அறுபத்தைந்து வருடக் கோபம் உங்களை என்ன செய்துவிட்டது? அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. எனக்கு ஒரு காபி மேஜைதான்.

வரும் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு, இங்கே காலை பத்தரை மணிக்கு நான் போனை அவர் காதில் வைக்கிறேன். உங்களுக்கு அது விடியற்காலை, பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது உங்களுக்குக் கேட்காது, பரவாயில்லை, நீங்கள் மட்டும் பேசினால் போதும். சத்தமாக, சின்ன வயதில் அவரை அதட்டுவீர்களே, அப்படிச் சொல்லுங்கள். "ஹார்மன், நான்தான் உன்னை அங்க வைக்கச் சொன்னேன். மின்கே வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா."

அவர் உங்களைத் திட்டுவார். திட்டி முடித்ததும் என் பக்கம் திரும்புவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வாங்கிய சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. ஆனால் அதைச் சுமந்தது நான் மட்டும்தான். கடவுள் உங்களுக்கு இன்னும் பல வருட ஆயுளையும், இந்த ஒரு பொய்யைச் சொல்லும் மனதையும் கொடுக்கட்டும்.

ஞாயிறு, பத்தரை மணி. காத்திருப்பேன்.

உங்கள் தம்பியின் மனைவி,
மின்கே