பின்னறை வாளி

ஸ்லேட் ஃபோர்க், கென்டக்கி
மார்ச், ஞாயிறு மதியம்

மார்லாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். இருமலும் ஒருவாறு விட்டுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், இல்லை சார்ஜ் தீர்ந்துவிட்டது என்பாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வசந்த விடுமுறைக்கு ஊருக்கு வரவில்லை, பரீட்சைக்குப் படிக்க வேண்டும், விடுதியிலேயே இருக்கப்போகிறேன் என்றாய். நானும் சரி என்றேன். உனக்குப் பிடித்த ஆப்பிள் ஜாம் இரண்டு பாட்டில் பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்தால், வாசலில் பாஸ்டர் கார்லிஸின் வண்டி நிற்கிறது. கூடவே ஒரு பெண். கோர்ட்னி என்று பெயர். வருஷா வருஷம் வசந்த விடுமுறையில் தேவாலயத்தில் வந்து தங்கி வீடுகளைப் பழுதுபார்க்கும் கல்லூரி மாணவர் கூட்டத்துக்கு இந்த முறை அவள்தான் தலைவியாம். முன்கூட்டியே வீட்டைப் பார்த்துப் போக வந்திருக்கிறாள். "மிஸ் வெர்னா, இந்த வருஷம் உங்க கூரையத்தான் பண்ணப்போறோம்" என்றாள், எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி.

நான் கேட்டேனா? யாரிடமாவது கேட்டேனா? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீயே சொன்னாய், "சர்ச்சுல ஒரு வார்த்த சொல்லிப் பாரும்மா" என்று. செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று நான் கத்தியதும், நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனதும் நினைவிருக்கிறதா? அந்தக் கூரைத் தகரம் உன் அப்பா கடைசியாக ஏறிப் போட்டது. யாரோ ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் அதைப் பிடுங்கிப் போடுவதற்கு நான் எப்படி வாய் திறந்து கேட்பேன்?

முதலில் ஓபலைத்தான் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு என் வீட்டுச் சங்கதியெல்லாம் அவள்தான் ஊதியிருப்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "பின்னறையில மழைக்கு வாளி வைக்கிறீங்களாமே, அத முதல்ல பாக்கலாமா?"

நம் வீட்டுக்கு யார் வந்தாலும் முன்னறையோடு சரி. பாஸ்டர் வந்தாலும் அந்தச் சோபாதான். உன் அப்பா இறந்தபோது திரண்ட கூட்டமே முன்னறையைத் தாண்டவில்லை. முப்பது வருஷம் பழகிய ஓபலுக்கே பின்னறைக் கதவு எந்த நிறம் என்று தெரியாது. அந்த வாளி எனக்குத் தெரியும். அந்த அறையில் படுத்து வளர்ந்தவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

யார் சொன்னது என்று கேட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க குரூப்ல மார்லான்னு ஒரு பொண்ணு. போன கோடையில இந்தப் பக்கம் எங்கயோ வேல பாத்தாளாம், அப்ப கேள்விப்பட்டிருக்கா. இந்த வீட்டத்தான் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவ குடும்பப் பேரும் உங்கள மாதிரி ஸ்டேம்பர்தான். உங்களுக்குச் சொந்தமான்னு கேட்டேன். அங்க தடுக்கி விழுந்தா ஸ்டேம்பர் மேலதான் விழணும்னு சிரிச்சா."

நீ சிரித்தாய் என்று அவள் சொன்னபோது நான் பாஸ்டரின் பக்கம் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானஸ்நானத்தில் உன்னை ஆற்றில் முக்கி எடுத்தவர் அவர். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ போன் செய்து அவர் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுது.

அந்தப் பெண்ணின் கண் அடுத்தபடியாகச் சுவரில் இருந்த உன் போட்டோவுக்குப் போனது. பள்ளி முடித்தபோது எடுத்தது, இடுப்புவரை தலைமுடியோடு. இப்போது நீ முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கண்ணாடி வேறு போட்டிருப்பதால் அவளுக்குப் பிடிபடவில்லை. "அழகா இருக்காங்களே, யாரு?" என்றாள்.

"தங்கச்சி மக. டென்னசில இருக்கா" என்றேன்.

எனக்குத் தங்கையே கிடையாது என்பது உனக்குத் தெரியும். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று எனக்கே புரியவில்லை. நீ அங்கே ஏதோ கட்டிவைத்திருக்கிறாய், நான் வாயைத் திறந்தால் சரிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. பெற்ற பிள்ளையை என் வீட்டில் நின்றுகொண்டே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் போனபிறகு அடுப்பைப் பற்றவைக்கக்கூடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஓபலிடம் உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மாணவர்களைப் பற்றி மட்டும் விசாரித்தேன். போன வருஷம் தேவாலயத்தில் அவர்களுக்குச் சமைத்தவள் அவள்தானே. ராத்திரி சாப்பிட்டதும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டுமாம். இதற்கு மதிப்பெண் உண்டாம், முடிவில் கட்டுரை வேறு எழுத வேண்டுமாம். இவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமே இல்லாம எவ்ளோ சந்தோஷமா இருக்காங்கன்னு ஒருத்தி அழுவுறாடி. என்னத்தான் சொல்றா. நான் எப்படி சந்தோஷமா இருந்தேன், எப்ப பாத்தா? அன்னிக்கு எனக்குப் பல்வலி" என்றாள் ஓபல். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த வட்டத்தில் உன் முறை வரும்போது நீ என்ன சொல்வாய்? மிஸ் வெர்னா என்ற ஒருத்தியைச் சந்தித்தேன் என்பாயா? வாளியைப் பற்றிக் கட்டுரை எழுதுவாயா?

இன்னொன்று. நம் வீட்டில் வேலை செய்கிறவர்கள் நம் மேஜையில்தான் சாப்பிட வேண்டும். கிணறு தோண்ட வந்தவனுக்கும் கேபிள் போட வந்தவனுக்கும் அதேதான். பீன்ஸும் சோள ரொட்டியும் செய்துவைக்கிறேன் என்று கோர்ட்னியிடம் சொன்னால், "வேணாம் மிஸ் வெர்னா, வீட்டுக்காரங்களுக்குச் சிரமம் தரக்கூடாதுன்னு எங்களுக்கு ரூல் இருக்கு, சாண்ட்விச் கொண்டுவந்துருவோம்" என்கிறாள். சரி, அவர்கள் ரூல் அவர்களுக்கு. நீயும் என் வாசற்படியில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துத் தின்பாயா? உள்ளே அடுப்பில் பீன்ஸ் வேகும் வாசனை வரும். எப்படி இறங்கும் உனக்கு?

கோபத்தில் என்னென்னவோ நினைத்தேன். அவர்கள் முன்னால் நல்ல பெயர் எடுக்க என் கூரையைப் பயன்படுத்துகிறாய் என்று நினைத்தேன். நான் பிடிவாதமாகக் கேட்க மாட்டேன் என்பதால் எனக்குத் தெரியாமல் செய்துவிடப் பார்க்கிறாய் என்றும் நினைத்தேன். நேற்று மழை. வாளியில் சொட்டும் சத்தம் கேட்டபடி படுத்திருந்தபோது, அங்கே மழை பெய்தால் உனக்கும் இந்தச் சத்தம் கேட்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியானால் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அப்படித்தான் என்று நம்பவும் முடியவில்லை. நீ சிரித்தாய் என்று அவள் சொன்னாளே.

வர வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். போகவில்லை. நாளை இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் வருவீர்களாம். கதவைத் திறந்துதான் வைப்பேன். நீ மிஸ் வெர்னா என்று கூப்பிட்டால் நானும் "வாம்மா, உன் பேரு என்ன?" என்று கேட்பேன். உன்னை மாட்டிவிட மாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் கஷ்டமா என்ன.

உன் போட்டோவைக் கழற்றி, பின்னறை அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த இடம் தெரிகிறது. காலண்டரை மாட்டி மறைக்கலாம் என்று பார்த்தேன்; மனசு வரவில்லை. நான் கழற்றும்போது ஆணியும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. அதையும் போட்டோவோடு வைத்திருக்கிறேன். எனக்கு மறுபடி அடிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் அடிக்கப்போவதில்லை. நீ எப்படியும் கையில் சுத்தியலோடுதான் வரப்போகிறாய்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மலைப்பாதையில் மூடுபனி இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவரை மெதுவாக ஓட்டச் சொல்.

பீன்ஸை முந்தின ஞாயிறு ராத்திரியே ஊறவைத்துவிடுவேன்.

உன் அம்மா,
வெர்னா