உன் கன்னத்து வெள்ளை

என் செல்லத் தங்கச்சி பவிக்கு,

அடுத்த வாரம் உனக்கு வருஷப் படையல். வீட்டில் மாட்ட அம்மா உன் போட்டோ கேட்டாள். திண்டிவனத்து பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் அஞ்சலி பேனர் டிசைன் செய்கிறவன் நான். என் தங்கச்சியின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ஆதாரில் இருப்பது ஒன்பது வயதுப் பிள்ளை. பதினாறு வயதில் உன் வாயோரம் வெண்புள்ளி வந்து கன்னத்தில் ஏறியது. அதற்கப்புறம் நீ யார் கேமராவுக்கும் நிற்கவில்லை. கல்யாண வீட்டில் குரூப் போட்டோ என்றதுமே காணாமல் போய்விடுவாய்.

அப்புறம் நான் வந்தேன், பெரிய கெட்டிக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை ஒரு செல்ஃபி எடுக்கச் சொல்லி, அதற்கு ஆயில் பெயின்டிங் ஃபில்டர் போட்டேன். முகமெல்லாம் தூரிகையால் இழுத்த மாதிரி ஆகி, வெள்ளை அதில் கரைந்தது. மிச்சத்தை நான் பூசி மறைத்தேன்.

"அண்ணா, இது நானாண்ணா?" என்று எத்தனை தடவை கேட்டாய்! அதிலிருந்து தினமும் ஒரு செல்ஃபி அனுப்பினாய். போன் ஃபுல் ஆயிடுச்சு என்றபோது நான்தான் சொன்னேன்: "ஒரிஜினலை இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கிற? டெலீட் பண்ணித் தொலை." நானும் கடையில் ஒன்றுவிடாமல் அழித்தேன். என் வாயில் மண் விழ.

மூன்று நாள் காய்ச்சல். விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த பிறகு உன் போனைத் திறந்தேன். அத்தனையும் ஓவியம். ஒன்றில்கூட உன் தோல் இல்லை.

இப்போது அம்மா கேட்டதும், இருந்ததில் நல்லதை பிரேம் போட்டு எடுத்துப்போனேன். அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்குது. வெள்ளை எங்கடா? அது இல்லாம எப்டிடா எம் பொண்ணு? நீதான் போட்டோவ படமா மாத்துவியே, இத்த திரும்ப போட்டோவா மாத்துடா."

"அழிச்சதை எடுக்க முடியாதும்மா" என்றேன்.

சரி, ஓவியத்தின் மேலேயே வெள்ளையை வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை பவி. இடக் கன்னமா, வலக் கன்னமா என்பதே குழம்பிவிட்டது. எத்தனை படத்தில் அதைத் தேடித் தேடி மறைத்திருப்பேன்! மறைப்பதற்காகத்தானே பார்த்தேன். ஒரு நாளாவது உன் முகமாகப் பார்த்தேனா?

அம்மாவிடம் போய் அழுதேன். அவள் திட்டவில்லை. "இங்க வா" என்று எதிரில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு என் உதட்டோரத்தில் விரலை வைத்தாள். ஆறு வருஷம் தினமும் உனக்குக் களிம்பு தடவிய விரல். அது இடது உதட்டோரம் தொடங்கி, கன்னத்தில் அகன்று, காதுக்குக் கீழே போய் நின்றது.

"இம்மாந்தான்" என்றாள்.

அவள் கையில் பேனாவைக் கொடுத்தேன். என் கன்னத்திலேயே வரைந்தாள். அதை போட்டோ எடுத்து, பார்த்துப் பார்த்து உன் படத்தில் வெள்ளையைத் திரும்ப வைத்தேன். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

வெள்ளையைத் திரும்ப வைத்ததில் உனக்குக் கோபமா பவி? மறைக்கத்தானே தினமும் எனக்கு அனுப்பினாய்? அம்மாவைப் போல நானும் பார்த்திருந்தால் நீ ஒளிந்திருப்பாயா?

தெருவில் பேனர் வைக்க மாட்டேன். இந்தப் படம் வீட்டுக்குள் இருக்கும். வருகிறவர் யாராவது அதைப் பார்த்து முகம் சுளித்தால், சோறு போடாமல் வெளியே அனுப்புவேன். சத்தியம். நீ இருக்கும்போது செய்திருக்க வேண்டியது.

உன் முகத்தைச் சரியாகப் பார்க்காத
உன் அண்ணன்