வேலிச்சண்டையை நீக்கியவர்களுக்கு உங்கள் பெயர் கிடையாது

என்னங்க,

கூப்பிட்டால் பேனாவை மூடாமலேயே ‘ம்’ என்பீர்களே, அப்படியே கேளுங்கள். என் கோபம் இன்னும் தணியவில்லை.

போருக்குப் பிந்தைய வட்டாரத் திட்டமிடலுக்காக, ஈழத்தின் வடக்கை மனதில் வைத்து நீங்கள் எழுதிய சொல் விளக்கங்களைக் கையேடாகப் போடுகிறார்கள். அட்டையில் உங்கள் பெயர். அதற்காகக் காட்பாடியில் நடந்த கூட்டத்துக்கு யோகத்தையும் அழைத்துப் போனேன். ஆம்பூர்ப் பக்கத்து அகதி முகாமிலிருந்து ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகிறாளே, நம் யோகம்தான்.

‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லுக்கு நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம். திரும்பி வந்தவர்கள் பக்கத்து வீட்டாரோடு பயமில்லாமல் வேலிச்சண்டை போடும்போதுதான் அது நிறைவு பெறுகிறது. வேலிக்கு நட்ட கதியாலை, துளிர்க்கும் அந்தக் கொம்பை, ஒவ்வொரு மழைக்கும் ஒரு சாண் தள்ளி நடுவார்கள், வழக்கு கோர்ட் வரை போகும் என்று யோகம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு எழுத உட்கார்ந்தீர்கள். நிலம் கைக்கு வந்தவர்தானே ஒரு சாணுக்குச் சண்டை போடுவார்?

கூட்டத்தில் கொடுத்த அச்சுப்படியில் அந்த வரியைக் காணோம்!

“சார் ஜாலியா எழுதினது மேடம்,” என்றார் தொகுப்பாளர். “வீடு, ரோடு, கரெண்ட் வந்துட்டா முடிஞ்சதுன்னு வெச்சிருக்கோம். ஜாஸ்தி இழுத்தா பேஜாரு.”

அப்படிப் பார்த்தால் யோகத்தின் ஊர் வேலை முடிந்த ஊர். பிறகு உனக்கு முகாம் எதற்கு, கிளம்பு என்று நாளை அவளிடம் சொல்ல மாட்டார்களா? அவளே எழுந்தாள்.

“ஐயா, றோட்டு வந்திட்டுது, உண்மை. எங்கட காணி இன்னும் ஆமியின்ர முள்ளுக்கம்பிக்கு உள்ளதான் கிடக்கு. நான் ஆரோட வேலிச்சண்டை பிடிக்கிறது, காவலுக்கு நிக்கிறவனோடயா?”

சிரித்தார்கள். அதற்கும் சிரிக்கிறார்கள்!

விளக்கத்தில் ஒரு சொல் விட்டாலும் கான்வென்ட்டில் சிஸ்டர் முழுப்பக்கத்தையும் திரும்ப எழுதவைப்பார். இவர்களை யாரும் எழுதவைக்கவில்லையா? தோல் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்துவிட்டு அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தவர்களை நாம் பார்க்காததா?

“அந்த வரி இல்லைன்னா, புத்தகத்துல என் வீட்டுக்காரர் பேரும் இருக்காது,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

“ஐயா இருந்திருந்தா இதைவிடச் சத்தம் போட்டிருப்பார், அம்மா,” என்றாள் யோகம், ரயிலில். நீங்கள் புன்னகைத்து விட்டுக்கொடுத்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா?

நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வரி திரும்பும்வரை உங்கள் பெயர் என்னிடமே இருக்கும். யோகம் ஊருக்குப் போய் முதல் கதியாலை நட்டதும், யாரோடு என்ன சண்டை என்று ஒரு சொல் விடாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்றும் உங்கள் வரிகளுக்குக் காவல் நிற்கும் மனைவி,
கமலா