இரண்டு தீர்த்தம்மாள்

8, திங்கள்
தூறல். பாப்பிரெட்டிப்பட்டி வரை பஸ்ஸில் நின்றபடியே. குடை தொலைந்தது.
வேலை: கர்ப்பிணிகள் பதிவில் டூப்ளிகேட் நீக்கம். வெள்ளிக்குள் பூஜ்யம் ஆகணுமாம். மாவட்ட ஆபீசுக்குப் பூஜ்யம் என்றால் அப்படி ஒரு ஆசை.
பெயர், கணவர் பெயர், ஊர், போன் நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். இணைத்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

11, வியாழன்
பூஜ்யம்! வாட்ஸ்அப் குரூப்பில் மாவட்ட ஆபீஸ் மேடம் கைதட்டல் பொம்மை போட்டார். மதியம் லெமன் சாதம், உப்பு கரித்தது. இருந்தாலும் ருசித்தது.

12, வெள்ளி
சித்தேரி மலை நர்ஸ் செல்வி போன்.
"சார், தீர்த்தம்மாவ லிஸ்ட்ல காணோமுங்க. நெகட்டிவ் ரத்தம், அவசரத்துக்கு மலையில கெடைக்காது, அங்க பிரசவம் பாக்கக் கூடாது. இந்த வாரமே கீழ கூட்டியாரணும்."
"அவங்களுக்குப் போன மாசமே குழந்தை பொறந்துடுச்சுன்னு காட்டுதே."
"அது வேற தீர்த்தம்மாங்க!"
தீர்த்தமலை சாமிக்கு வேண்டிப் பிறந்த பெண்ணெல்லாம் தீர்த்தம்மாள்தான். இரண்டு பேரும் ஒரே ஊர், இரண்டு பேருக்கும் கணவர் பெயர் குமார். சிக்னல் கிடைப்பது மளிகைக்கடை வாசலில் மட்டும், அதனால் இருவரும் கொடுத்தது கடைக்காரர் நம்பர். இரண்டு பெண்களை ஒருத்தியாக்கியிருக்கிறேன். படித்த முட்டாள்.
இணைத்ததைப் பிரிக்க பட்டன் இல்லை. சென்னைக்கு மெயில். பதில்: 'பரிசீலனையில் உள்ளது.'
கடைக்காரருக்கு ஏழு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

13, சனி
மழை விடவில்லை. லீவு. செல்வியோடு ஜீப்பில் மலைக்கு. வழியில் கல் சரிந்து கிடந்தது, நாங்களே தள்ளினோம்.
பாதி வழியில் தீர்த்தம்மாள் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் பையோடு மாமியார்.
"கூப்புடுவீங்கன்னு பாத்தங்க. வலி எடுத்துடுச்சி, நடந்துட்டம்."
இருவரையும் ஜீப்பில் ஏற்றிக் கீழே திரும்பினோம். வளைவுக்கு வளைவு தீர்த்தம்மாள் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் பயம். கேவலமாகவும் இருந்தது.
ஆஸ்பத்திரி கவுண்டர். அங்கிருந்த பெண் கர்ப்பிணிப் பதிவு நம்பரைத் தட்டிப் பார்த்தாள். "இவங்களுக்குப் பிரசவம் ஆயிடுச்சே. மறுபடி பதிய முடியாதுங்க."
தீர்த்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.
"அப்ப நான் திரும்பிப் போயிடட்டுங்களா சார்?"
அழுகை வந்துவிட்டது. கிடைத்த தாளில் எழுதினேன்: இவர் வேறு ஆள். நெகட்டிவ் ரத்தம். தப்பு என்னுடையது. கீழே கையெழுத்து.
உள்ளே கூட்டிப் போனார்கள், செல்வியும் கூடவே. பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாமியார் கண்ணை மூடியிருக்கிறார்.
கதவு திறக்கிறது. செல்வி. சிரிக்கிறாள்.