குடைக்குள் விழுந்த கத்தரிக்கோல்

அன்பு மகள் சுல்கிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்காலும் அப்பாவின் இடுப்பும் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளை ஜுன்-தேயும் வேளைக்குச் சாப்பிட்டு, கொசுக்கடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிவிடுகிற அளவுக்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வின்னிபெக்கில் வீடு வாங்கப் போகிறோம், என்னென்ன பார்க்க வேண்டும் சொல்லம்மா என்று கேட்டாயே, சொல்கிறேன், ஆனால் முதலில் இதைக் கேள், நம் வீடு விற்றுவிட்டது! நேற்று முத்திரை குத்தியாயிற்று! போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் சிரிக்கிற சிரிப்பில் ஒரு வார்த்தையும் வெளியே வராது, அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வை.

முதல் புத்திமதி, அம்மா செய்த முட்டாள்தனத்தை நீ செய்யாதே. இருக்கிற வீட்டை விற்காமல் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டாதே. மார்ச்சில் அந்தத் தரைத்தள வீட்டைப் பார்த்ததும் எனக்குப் புத்தி தடுமாறிப்போனது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா இந்த ஐம்பத்திரண்டு படிகளில் இறங்கியது நான்கே தடவை, நான்கும் ஆஸ்பத்திரிக்கு. அங்கே வாசலில் படியே கிடையாது. அன்றைக்கே ஒப்பந்தம் போட்டுவிட்டேன். ஜூலை முப்பதுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் போச்சு, வீடும் போச்சு, அப்பா நாலாம் மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான். நம் வீடு சீக்கிரம் போய்விடும் என்று நினைத்தேன். யார் வாங்குகிறார்கள் வில்லாவை? அம்மா வில்லாவில் இருக்கிறாள் என்று நீ சொன்னதும் உன் தோழிகள் நீச்சல் குளம் எவ்வளவு பெரிது என்று கேட்டார்களாமே, அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கொரியாவில் லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடத்துக்குத்தான் வில்லா என்று பேர் என்று அவர்களிடம் சொல். இந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தைப் பார்க்க ஒருத்தி மருமகளோடு வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே, "வில்லாவுல வளர்ந்தா பள்ளிக்கூடத்துல பிச்சைக்காரன்னு பேர் வச்சிடுவாங்கடி, வா போலாம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐந்தாம் வகுப்பில் உன்னைக் கூப்பிட்ட அதே பேர்தான். எதிரே இருக்கிற பெரிய அடுக்குமாடிக்காரர்கள் வெளிப்பிள்ளைகள் வரக்கூடாது என்று ஊஞ்சலுக்கு வேலி போட்டார்களே, அந்த வேலிக்கு இப்போது பூட்டும் போட்டிருக்கிறார்கள். ஊஞ்சலுக்குப் பூட்டு! அந்தப் பூட்டுக்கும் சேர்த்துத்தான் அங்கே விலை.

தரகர் பியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரம் என் பேரில் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து "சார் இல்லீங்களா?" என்பார். அங்கேயும் தரகர் உன்னை விட்டுவிட்டு ஜுன்-தேயிடம் பேசினால் எழுந்து வந்துவிடு, ஊரில் வேறு தரகர் இல்லாமலா போவார்கள். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை, மழையில் கசிகிற பால்கனிச் சுவரை உடுப்பு அலமாரியால் மறைப்பது. "எல்லாரும் செய்றதுதாங்க அக்கா" என்றார். நானும் செய்தேன். இதை நீ வாங்குகிற பக்கத்திலிருந்து புரிந்துகொள், எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரிக்குப் பின்னால் பார், மழை நாளில் ஒரு தடவை போ, கக்கூசில் தண்ணீரை இழுத்துக்கொண்டே குழாயைத் திற, கீழ் வீட்டுக்காரியிடம் பேச்சுக் கொடு, மேல் வீட்டைப் பற்றி எல்லா உண்மையும் அவளுக்குத்தான் தெரியும்.

ஜூன் முடிந்தும் விற்கவில்லை. அப்போதுதான் நான் திருடியானேன். வியாபாரம் கொழிக்கிற, கறி சுட்டுப் பரிமாறுகிற சாப்பாட்டுக் கடையிலிருந்து கத்தரிக்கோலைத் திருடி வந்து வாசலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் வீடு விற்கும் என்பதைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரிப்பாயே, அதையேதான் செய்தேன். கேட்டு வாங்கினால் பலிக்காது, திருடத்தான் வேண்டும். சந்தை முனையில் பாங் அம்மாள் நடத்துகிற விலாக்கறிக் கடையில் எப்போதும் வரிசை நிற்கும், அங்கே போனேன். ஒரு பங்கு மட்டும் தர மாட்டார்களே, கத்தரிக்கோலுக்காகத் தனியாளாக உட்கார்ந்து இரண்டு பங்கு விலாக்கறியைத் தின்று தீர்த்தேன், மூச்சு முட்டியது. கறி வெட்டுகிற கத்தரி, கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியது, மடக்கிய குடைக்குள் நழுவ விட்டேன். வெளியே வந்தால் கொட்டுகிறது மழை. குடையை விரித்தால் கத்தரி தலையில் விழும். மடக்கிய குடையை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வரை நனைந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "குடை நனையக் கூடாதுன்னு நீ நனைஞ்சியா?" என்றார்.

ஒரு வாரம் கழித்து பியோ ஒரு ஆளைக் கூட்டி வந்தார். கதவைத் திறந்தால் பாங் அம்மாள்! செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குவதை நேராகப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். "இது எங்க கடைக் கத்தரி" என்றார். எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. அடுத்த நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "கொட்டுற மழையில மடக்கின குடையோட போனவ நீதானே? அன்னிக்கே தெரியும். இந்த மாசம் பதினொண்ணு போச்சுடி! ஊர்ல வீடு விக்கலைன்னு பேப்பர்ல படிக்க வேணாம், என் கத்தரி டப்பாவை எண்ணினாப் போதும்." நானும் சிரித்தேன், ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அப்பாவும் உள்ளறையிலிருந்து சிரித்தார். திருடி என்று பிடிபட்ட பிறகு பொய்க்காரி என்றும் ஆக எனக்கு மனம் வரவில்லை. பியோ கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டக் காட்ட அலமாரியை நகர்த்தி, கணவாய் மீன் போலப் படர்ந்திருக்கிற அந்தக் கறையைக் காட்டிவிட்டேன். பாங் அம்மாள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், விலை பேச வாயெடுத்தார், சரியாக அந்த நேரத்தில் உன் அப்பா உள்ளேயிருந்து "முப்பதாம் தேதிக்குள்ள வித்தாகணும்மா!" என்று கத்தினார். இன்னொரு புத்திமதி, உன் அவசரத்தை எதிராளிக்குச் சொல்லாதே, சொல்கிற ஆள் வீட்டில் இருந்தால் அன்றைக்கு மட்டும் அவரைச் சினிமாவுக்கு அனுப்பு. கறைக்குக் கொஞ்சம், அப்பாவின் வாய்க்குக் கொஞ்சம் என்று விலை இறங்கியது, ஆனாலும் புது வீட்டுக்குப் போதும்.

பாங் அம்மாள் தனக்காக வாங்கவில்லை. அவர் சமையல்கட்டில் சீனாவின் யான்பியனிலிருந்து வந்த மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள், பேச்சைக் கேட்டதுமே வீட்டுக்காரர்கள் அறை போய்விட்டது என்று கதவைச் சாத்துகிறார்களாம். அந்தப் பெண்களும் நம் மொழியைத்தான் பேசுகிறார்கள், கொஞ்சம் வேறு ராகத்தில். அவர்கள் கழுவிய தட்டில் ஊரார் கறி தின்பார்கள், பக்கத்து வீட்டில் குடி வைக்க மாட்டார்கள். "எனக்கொண்ணும் பெரிய மனசு இல்ல, ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்தா லேட்டா வராளுங்க, அதான்" என்றார் பாங் அம்மாள். அதுவும் உண்மைதான், எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

நேற்று பியோவின் அலுவலகத்தில் ஒப்பந்தம். சிறப்பு நிபந்தனை எழுதுகிற இடத்தில் பால்கனிக் கசிவை வாங்குபவர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டார் என்று எழுதச் சொன்னேன், வாய்ப்பேச்சு எதையும் நம்பாதே, எல்லாம் எழுத்தில் வேண்டும். பாங் அம்மாள், "ரெண்டாவது நிபந்தனை, கத்தரி ஒண்ணு, விற்பவர் திருப்பித் தரணும்" என்றார். விளையாட்டு இல்லை, எழுத வைத்துவிட்டார்! நான் கத்தரியை மேசையில் வைத்தேன், முத்திரை குத்தினோம், காபி குடித்தோம், கிளம்பும்போது பார்த்தால் கத்தரியைக் காணோம். மேசைக்கு அடியில் தேடினோம், என் பையைக் கொட்டிக் காட்டினேன். வில்லாவில் கத்தரி தொங்குவதைப் பார்த்த நாளில் "இந்தக் காலத்துலயும் இதெல்லாமா அக்கா" என்று சிரித்த தரகர் பியோவின் கோட்டுப் பையிலிருந்து சிவப்பு டேப் எட்டிப் பார்த்தது. மனிதர் காது வரை சிவந்துபோனார். "நாலு மாசமா ஒரு வீடும் போகலீங்க" என்றார். பாங் அம்மாள் பிடுங்கிக்கொண்டு, "கடைக்கு வந்து ரெண்டு பங்கு தின்னுட்டுத் திருடு, அதான் முறை" என்றாரே பார்க்கணும்!

நீ மறக்கக் கூடாத ஒன்று, பணம் கொடுக்கிற அன்று காலையில் வீட்டின் பதிவேட்டை இன்னொரு தடவை எடுத்துப் பார், பத்திரத்தில் பேர் இருக்கிறவர் கணக்குக்குத் தவிர வேறு யாருக்கும் அனுப்பாதே. மூன்று கட்டடம் தள்ளி வாடகைக்கு வந்த பிள்ளைகள் முன்பணம் கொடுத்த அதே நாளில் வீட்டுக்காரன் வீட்டை அடமானம் வைத்துவிட்டு ஓடிவிட்டான், குடிவந்ததை அன்றைக்கே பதிந்தாலும் சட்டம் மறுநாளிலிருந்துதான் அவர்களைக் காப்பாற்றுமாம், அந்த ஒரு நாள் இடைவெளி யாருக்காக வைத்தது என்று எனக்குத் தெரியும். நீயும் ஜுன்-தேயும் கசியாத கூரையும் பூட்டாத ஊஞ்சலும் இருக்கிற இடத்தில் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும். முப்பதாம் தேதி வழக்கப்படி ரைஸ் குக்கர்தான் முதலில் புது வீட்டுக்குள் போகும், அதை நானே தூக்குவேன் என்கிறார் அப்பா. வாசலில் எத்தனை படி என்று நேற்றிலிருந்து ஏழு தடவை கேட்டுவிட்டார். அவருக்குத் தெரியும், ஒன்றுகூட இல்லை என்று நான் சொல்வதைக் கேட்கத்தான் கேட்கிறார்.

இப்படிக்கு,
வீடு விற்ற திருடி,
உன் அம்மா மியோங்-சுக்